பொறுமைக்குக் கிடைத்த பரிசு

1

இந்தக் கதை தலைமுடி பின்னும் கடையில் பிறந்தது. என் தலையில் பாதி பின்னி முடித்து, மறுபாதி விரிந்து கிடந்த நேரம். எதிர்ச்சுவரில் ஒரு காலண்டர், ஏதோ வெளிநாட்டு விமானக் கம்பெனி போட்டது. அந்த மாதத்துப் படத்தில் பாறை நிழலில் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகள். கீழே எழுதியிருந்தது: “பொறுமைக்குக் கிடைத்த பரிசு. செரெங்கெட்டி. படம்: ராஸ்மஸ்.”

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

“பொறுமையா? யாருக்குப் பொறுமை? இவனுக்கா?” என்று கத்தினேன்.

“அக்கா, தலைய ஆட்டாதீங்க, கோணலாப் போச்சுன்னா என்னைத்தான் திட்டுவீங்க” என்றாள் பின்னிக்கொண்டிருந்த ஹலீமா. “பூனைக்குட்டி படத்துக்குப் போயி எதுக்கு இந்தக் குதி குதிக்கிறீங்க?”

“பூனைக்குட்டியில்லடி. அந்த மூணையும் நான் நேர்ல பார்த்தேன். இந்தப் படத்த எடுத்தப்போ அந்த வண்டியில முன்சீட்ல நான்தான் உட்கார்ந்திருந்தேன்.”

“அப்ப படத்துல உங்களக் காணோமே!” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள்.

நான் சிரிக்கவில்லை. பாதித் தலையோடு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். என் பெயர் ஐசாரியா. எங்கள் ஊர் அருஷாவிலிருந்து செரெங்கெட்டிப் பூங்காவுக்கு மிருகம் பார்க்கக் கிளம்பும் மலிவுவிலைக் கூடார சஃபாரிகளுக்குச் சமைக்கிறவள். இடையிடையே கதையும் எழுதுவேன். ஊர் வாரப் பத்திரிகை நாலைந்தைப் போட்டிருக்கிறது. கோபமாக இருக்கும்போது எழுதக் கூடாது என்று அதன் ஆசிரியர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் எப்போதும் கோபப்படாதவர், அவர் பத்திரிகையும் அப்படித்தான் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்:

“செரெங்கெட்டியின் எல்லையற்ற புல்வெளியில் பொழுது சாயும் வேளை, ஒற்றை வேலமரத்தின் பின்னே செஞ்சூரியன் மெல்ல மெல்ல”

[நிறுத்திவிட்டேன். அந்த மரத்தையும் சூரியனையும் ஏற்கெனவே எத்தனையோ பேர் விற்றுத் தின்றாயிற்று. அந்த நேரத்தில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். சூரியன் போனால் டார்ச்சைத் தேட வேண்டுமே என்பதுதான் என் கவலை.]

இரண்டாவது தொடக்கம்:

“மலிவு என்கிறார்களே, எது மலிவு? சிங்கத்துக்குச் சம்பளம் இல்லை. யானை யாருக்கும் தள்ளுபடி தருவதில்லை. பூங்கா நுழைவுக் கட்டணமும் குறையாது. பெரிய ஓட்டலில் தங்குகிறவனுக்கும் கூடாரத்தில் படுக்கிறவனுக்கும் அதே ஒட்டகச்சிவிங்கிதான். அப்படியானால் விலை எங்கே குறைகிறது? தேய்ந்த டயரில் குறைகிறது. என் கூட வரவேண்டிய எடுபிடி ஆளில் குறைகிறது. ஓட்டுகிறவன் தூக்கத்தில் குறைகிறது. உங்களுக்கு மிச்சமான ஒவ்வொரு காசும் எங்கள் யாரோ ஒருவர் முதுகிலிருந்து”

[இது கட்டுரை. ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை, கிடக்கட்டும்.]

மூன்றாவது தொடக்கம்:

“கிதோமாரி நல்ல ஓட்டுநர்.”

[இப்படி ஆரம்பித்தால் அவனுக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று நீங்கள் மோப்பம் பிடித்துவிடுவீர்கள். நடந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. பூங்காவுக்குள் வண்டி ஓட்டும் அனுமதியைப் பறித்துவிட்டார்கள். இருபது வயதிலிருந்து அவன் செய்த ஒரே வேலை அது. எப்படிப் பறித்தார்கள், அது திரும்பக் கிடைக்குமா என்பதுதான் கதை. சிறுத்தை வருமா, சிங்கம் வருமா என்று காத்திருப்பவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம்.]

3

கூடாரத் தளத்தில் சமையலறையைச் சுற்றிக் கம்பிவலை அடித்திருக்கும். கழுதைப்புலியும் குரங்கும் உள்ளே வராமல் இருக்க. எல்லாக் கம்பெனிச் சமையல்காரர்களும் அதற்குள்தான், ஆளுக்கொரு அடுப்பு. மிருகங்கள் வெளியே இஷ்டப்படி நடமாடும். நாங்கள் கூண்டுக்குள் நின்று வெள்ளரிக்காய் சூப் கிண்டுவோம். [இதை வைத்துப் பெரிய தத்துவம் ஒன்று பேசலாம். அடுப்பில் சூப் பொங்குகிறது, நேரமில்லை.]

அந்தப் பயணத்தில் மூன்று விருந்தாளிகள். ராஸ்மஸும் அவன் மனைவி டினேவும் ஒரு ஜோடி. ஆக்னெஸ் தனியாக வந்தவள், பள்ளிக்கூட டீச்சர்.

ராஸ்மஸிடம் என் முழங்கை நீளத்துக்குக் கேமரா ஒன்று இருந்தது. கம்பிவலைக்கு வெளியே நின்று பக்கத்து அடுப்பைக் காட்டுவான்.

“அவங்களுக்கு மட்டும் மீன் பொரிக்கிறாங்க?”

“அவங்க எடுத்திருக்கிற டூர் வேற சார்.”

“நாங்களும் காசு குடுத்துத்தானே வந்திருக்கோம்?”

என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். பக்கத்து அடுப்புக்காரரிடம் பல்லைக் காட்டி ஒரு மீன் வாங்கி அவனுக்குப் பொரித்துக் கொடுத்தேன். முள் இருக்கிறது என்றான்.

ஆக்னெஸ் விஷயத்தில்தான் பேனா தடுமாறுகிறது. முதல் பிரதியில் அவளைக் கடுகடுப்பானவளாக எழுதினேன். மெல்லிய உதடு, எதையும் துடைத்துவிட்டு உட்காரும் பழக்கம். அத்தனையும் நான் சேர்த்தது. உண்மையில் அவள் கூண்டுக்குள் வந்து எனக்குக் கேரட் சீவிக் கொடுத்தாள். மற்ற இருவருக்கும் என் பெயர் ‘குக்’. அவள் ஒருத்திதான் பெயரைக் கேட்டு, சரியாகச் சொல்லிப் பழகினாள். விருந்தாளிகள் சாப்பிட்ட பிறகு நானும் கிதோமாரியும் சோளக்களி தின்போம் இல்லையா, அதில் ஒரு உருண்டை கேட்டு வாங்கித் தின்றாள். கிதோமாரி அவளிடம் தன் பெண்பிள்ளைகள் படத்தைக் காட்டினான். அவள் ஒவ்வொருத்தி பெயரையும் கேட்டாள்.

ஆகவே அவளை நல்லவளாகவே விட்டுவிட்டேன். அவள் நல்லவள்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

4

ஒரு தளத்தைக் காலி செய்து அடுத்த தளத்துக்குப் போகும் நாளில் சமையல்காரியும் வண்டியில் வருவாள். வசதியான கம்பெனிகளில் சாமானுக்குத் தனி வண்டி இருக்கும், நமக்கு ஏது. பின்னால் கூடாரங்களும் கேஸ் சிலிண்டரும், முன்சீட்டில் நான், என் மடியில் முட்டைத் தட்டு.

அப்படி ஒரு நாள் காலையில் கிதோமாரி வண்டியை மெதுவாக்கினான். தள்ளி ஒரு பாறை. பாறை ஓரத்தில் ஒரு வால் நுனி தெரிந்தது, பிறகு ஒரு காது. வண்டியின் திறப்புக் கூரையைத் தூக்கிவிட்டு மூவரும் எழுந்து நின்றார்கள்.

“சிவிங்கிப்புலி” என்றான் கிதோமாரி. “பொம்பளை. நிழல்ல படுத்திருக்கு. காத்திருந்தா எழுந்து வரும்.”

காத்திருந்தார்கள். நான் ஒரு பாட்டை மனசுக்குள் இரண்டு தடவை பாடும் நேரம்கூட ஆகவில்லை. (பொறுமைக்குக் கிடைத்த பரிசு!)

“கிட்டப் போ” என்றான் ராஸ்மஸ்.

“முடியாது சார். இங்க தடத்தை விட்டு இறங்கக் கூடாது. புடிச்சாங்கன்னா என் அனுமதியப் புடுங்கிருவாங்க.”

“யாரு பார்க்கிறா? சுத்திலும் ஒரு வண்டி இல்ல.”

“அது பார்க்குதே சார்” என்று பாறையைக் காட்டினான் கிதோமாரி. நான் மட்டும் சிரித்தேன்.

டினே பெருமூச்சு விட்டாள். “நாம சீப்பா வந்திருக்கோம்ல ராஸ்மஸ். நமக்கு வால்தான். பெரிய ஓட்டல்காரங்களா இருந்தா முழுசாக் காட்டியிருப்பாங்க.”

“அப்படியெல்லாம் இல்ல மேடம், எல்லாருக்கும் ஒரே சட்டம்...”

“இத்தனை நாள்ல ஒரு நல்ல படம் இல்ல” என்றான் ராஸ்மஸ். “நெட்ல உங்க கம்பெனிக்கு எத்தனை ஸ்டார் போடணும்னு எனக்குத் தெரியும்.”

கிதோமாரியின் கை கியர் பக்கம் போனதைப் பார்த்தேன். எங்கள் மொழியில் சொன்னேன்: “போகாதடா. வாய் வலிச்சா அவனே அடங்குவான்.”

“உனக்கென்னக்கா. போன தடவை ஒரு ஸ்டார் குறைஞ்சதுக்கே மொதலாளி என்னை வீட்ல உட்கார வச்சாரு. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் தொறக்குது.”

அப்போதும் அவன் தடத்தை விட்டு இறங்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ராஸ்மஸ் சொல்லி இறங்கவில்லை, டினே சொல்லி இறங்கவில்லை. பிறகு ஆக்னெஸ் குனிந்து அவன் தோளைத் தொட்டாள்.

“ப்ளீஸ், கிதோமாரி. ஒரே நிமிஷம். எனக்காக.”

அவன் கியரை மாற்றினான். வண்டி புல்லுக்குள் இறங்கியது. என் மடியில் இரண்டு முட்டை உடைந்தன.

5

பாறைக்கு அந்தப் பக்கம் வந்ததும் யாருக்கும் மூச்சு வரவில்லை. எனக்கும்தான், பொய் சொல்வானேன். மூன்று குட்டிகள். ஒன்று தாயின் காதைக் கடித்துக்கொண்டிருந்தது. ராஸ்மஸின் கேமரா தையல் மிஷின் போல ஓடியது.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.* ஓட்டுநர்கள் எல்லாருடைய வண்டியிலும் ரேடியோ உண்டு. யார் கண்ணில் எது பட்டாலும் உடனே மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கம்பெனி வேறாக இருக்கட்டும், ஆகாதவனாக இருக்கட்டும், சொல்லியாக வேண்டும். பார்த்ததை மறைக்கிறவனைவிடக் கேவலமானவன் அந்தக் காட்டில் கிடையாது. அவன் டயர் பஞ்சரானால்கூட ஒருவன் நிறுத்த மாட்டான்.

[* நம் ஊர்ப் பணக்காரர்களுக்கும் இப்படி ஒரு வழக்கம் இருந்தால் தேவலை. இது கதைக்குத் தேவையில்லாத வரி. எனக்குத் தேவை.]

கிதோமாரி குட்டிகளைப் பார்த்தான். முகமெல்லாம் பல். கை தன்பாட்டில் ரேடியோவை எடுத்தது. நான் தடுப்பதற்குள் பேசிவிட்டான்:

“அண்ணன்மாரே, தம்பிமாரே, பாறைக்குப் பின்னாடி அம்மா சிவிங்கி! குட்டி மூணு! தடத்துலேருந்து ஒண்ணும் தெரியாது, அங்க நின்னு சும்மா நேரத்த வீணாக்காதீங்க. அம்மா எந்திரிக்கட்டும், நானே கூப்பிடுறேன்.”

மறுமுனையில் சந்தோஷமாக இரண்டு மூன்று பேர் ஆஹா, ஓஹோ என்றார்கள். பிறகு ஒரு குரல் வந்தது. மெதுவான, நிதானமான குரல்.

“யாருப்பா அது? தடத்துலேருந்து தெரியாதுன்னா நீ எங்கேருந்து பார்க்கிற?”

பூங்கா அதிகாரிகளும் அதே ரேடியோவைத்தான் கேட்கிறார்கள் என்பது கிதோமாரிக்குத் தெரியாதா? எனக்கே தெரியும். குட்டிகளைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த மனுஷனுக்கு அது மறந்துபோயிற்று.

வண்டியைத் தடத்துக்குத் திருப்பினான். பூங்கா அதிகாரியின் பச்சை ஜீப் எங்களுக்கு முன்னால் அங்கே வந்து நின்றிருந்தது.

6

இதுவரை எழுதியதைக் கிதோமாரிக்குப் படித்துக் காட்டினேன். மத்தியானம் என் வீட்டுக்கு வந்திருந்தான். இப்போது வாடகை மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுகிறான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“ரேடியோ சமாச்சாரத்த எடுத்துரு அக்கா.”

“ஏன்?”

“மானம் போகுது. ஸ்டாண்டுல பயலுக என் பேரயே மறந்துட்டானுங்க. ‘டேய், தடத்துலேருந்து தெரியாது, இங்க வாடா’ன்னுதான் கூப்பிடுறானுங்க.”

“எடுத்துட்டா அதிகாரி எப்படி வந்தாருன்னு எழுதுறது?”

“சும்மா வந்தாருன்னு எழுது. அவருக்கு வேற என்ன வேலை?”

“அது பொய்யில்லையா?”

“கதைன்னாலே பொய்தானேக்கா! இதுக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு நாணயம்?” என்றான். பிறகு, “அதுசரி, சிங்கம் எங்க? அத்தனை சிங்கம் காட்டினேன் அவங்களுக்கு, ஒண்ணக்கூடப் போடல. சிங்கம் இல்லாத சஃபாரிக் கதைய எவன் படிப்பான்? நீயும் என்னை மாதிரி ஸ்டார் இல்லாமத்தான் நிக்கப்போற.”

அவனுக்காக ஒரு சிங்கம்: “சாலை நடுவே ஒரு சிங்கம் படுத்திருந்தது.” போட்டாயிற்று.

“ராஸ்மஸ இவ்வளவு திட்டாத” என்று மறுபடி ஆரம்பித்தான். “போறப்போ எனக்குத் தொப்பி குடுத்தான்.”

எனக்கு வந்ததே ஆத்திரம். “தொப்பியா? உன் சோத்துல மண்ணப் போட்டுட்டுத் தொப்பி குடுத்தானா? அதையும் வாங்கிக்கிட்டு வந்தியா? வெட்கமா இல்ல?”

“நல்ல தொப்பிக்கா” என்றான் தாழ்ந்த குரலில்.

கோபப்படவேண்டியவன் கோபப்படமாட்டேன் என்கிறான். அவன் பங்குக்கும் நானே கோபப்பட வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கதையில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூங்கா அலுவலகத்தில் அவனிடம் ஒன்று சொல்லியிருக்கிறார்கள். வண்டியில் இருந்த விருந்தாளிகளில் ஒருவர், ஒரே ஒருவர், ‘நாங்கள் கேட்டுத்தான் அவர் இறங்கினார்’ என்று சொன்னால் போதும், மறுபடி யோசிப்பார்கள். ஆக்னெஸுக்குப் போனில் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள். நீல நிறத்தில் இரண்டு கோடு விழுந்தது. பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். மறுபடி நீலம்.

“பிஸியா இருப்பா” என்றான் கிதோமாரி.

7

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அதிகாரி கேட்டதும் ராஸ்மஸ் வண்டியிலிருந்து குதித்து இறங்கி, “தப்பு என்னுடையது, அபராதம் நான் கட்டுகிறேன்” என்கிறான். [எழுதி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.]

இரண்டாவது: அதிகாரி மனமிரங்கி, “போகட்டும், இனிமே செய்யாத” என்று அனுப்பிவிடுகிறார். [அவர் கெட்டவர் இல்லை. சட்டத்தை அவர் மதிக்காவிட்டால் அந்தக் குட்டிகளைச் சுற்றி நாளைக்கு நாற்பது வண்டி நிற்கும். அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. இருந்த கோபமெல்லாம் வேறு இடத்தில் செலவாகிவிட்டது.]

மூன்றாவது: ஆக்னெஸ் வாயைத் திறக்கிறாள். “நான்தான் கெஞ்சினேன், சார். என்”

[இதைப் பத்துத் தடவை எழுதியிருப்பேன். எழுதுகிறவள் நான், அவளைப் பேசவைக்க முடியாதா? பேசவைத்தேன். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் அந்தக் குரல் அவளுடையது இல்லை, என்னுடையது. என் குரலுக்கு அங்கே என்ன மரியாதை என்று அன்றைக்கே பார்த்துவிட்டேனே.]

நடந்தது இது.

அதிகாரி ஜன்னல் பக்கம் வந்தார். கிதோமாரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. விருந்தாளிகளைப் பார்த்து ஆங்கிலத்தில், பணிவாகத்தான், கேட்டார்: “நீங்க கட்டாயப்படுத்தி இவர் இறங்கினாருன்னா அது வேற விஷயம். திட்டிட்டு விட்டுருவேன். சொல்லுங்க, நீங்க கேட்டீங்களா?”

“நாங்க விருந்தாளிங்க” என்றான் ராஸ்மஸ். “சட்டம் எங்களுக்கு எப்படித் தெரியும்? ஓட்டுறது அவரு.”

“எல்லாரும் இப்படித்தான் போவாங்கன்னு நினைச்சோம்” என்றாள் டினே.

அடப்பாவிகளா! என்னால் அடக்க முடியவில்லை. “சார், பொய் சார்! இவர் முடியாது முடியாதுன்னு சொன்னாரு சார், இந்த மூணு பேரும்தான்...”

“சமையக்காரம்மா” என்றார் அதிகாரி என்னைப் பார்க்காமலே, “உங்க கம்பெனி ஆளுக்கு நீங்க பேசத்தான் செய்வீங்க. விருந்தாளிங்க சொல்லட்டும்.”

ஆக்னெஸிடம் திரும்பினார். அவள் தன் பையின் ஜிப்பை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

8

இங்கே நிறுத்திவிட்டேன். இதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை. ஆக்னெஸ் பேசவில்லை, அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பாறை ஓரத்தில் வால் தெரிந்தபோது, கிதோமாரி முடியாது முடியாது என்று கெஞ்சியபோது, மனசுக்குள் ‘போய்த்தான் பாரேன்’ என்று தோன்றவில்லையா? அவன் இறங்கட்டும், பாறைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியட்டும் என்று அடுத்த வரிக்கு ஓடவில்லையா? அவன் வேலை போகும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் குட்டிகளைப் பார்க்க வந்தீர்கள். ராஸ்மஸாவது பயணத்துக்குக் காசு கட்டினான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை.

அந்த வண்டியில் ஆக்னெஸுக்குப் பக்கத்து இருக்கை காலி. நீங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவன் முடியாது என்று சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. அதிகாரி ராஸ்மஸிடம் கேட்டு முடித்துவிட்டார், டினேவிடம் கேட்டு முடித்துவிட்டார், ஆக்னெஸ் இன்னும் ஜிப்பை இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் பொறுமையான மனிதர். இப்போது உங்களைப் பார்க்கிறார்.

“நீங்க சொல்லுங்க” என்கிறார்.

கிதோமாரி உங்கள் பக்கம் திரும்பவில்லை. பயப்படாதீர்கள், அவன் உங்களை ஒன்றும் கேட்க மாட்டான்.